மாறி நின்றவன்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையைக் கடற்கோட்டை என்று வழங்குவர். போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். உள்ளிருந்தோருக்குக் குடிநீர் இல்லாமற் போயிற்று, பணிந்தனர். இன்று அது கடற்படையினர் நடத்தும் விருந்தினர் விடுதி. தாகத்தினாற் பணிந்தவரைத் துரோகி என்று எவரும் சொல்வதில்லை. அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. வேறு வழியிருந்தும் பக்கம் மாறியவனை என்னென்பது? இவ்வினாவுக்கு நமது வரலாற்றிலேயே ஒரு மனிதன் உளன். அவன் மிகப்பிள்ளை ஆராச்சி.

1617இல், அரசுரிமைச் சிறுவன் சார்பாக ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த அரசகேசரியையும் அரச குலத்தார் பலரையும் கொன்று, இரண்டாம் சங்கிலி யாழ்ப்பாணத்து ஆட்சியைக் கைப்பற்றினான். அடுத்த ஆண்டு அவனுக்கெதிராகக் கிறித்தவர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியில் முன்னின்றவருள் ஒருவன் மிகப்பிள்ளை ஆராச்சி. தஞ்சை இரகுநாத நாயக்கனின் படைத்துணையாலேயே சங்கிலி தப்பினான். மலபார்க் கடலோடிகளுக்கு நெடுந்தீவிலே தளம் கொடுத்தும் தன்னைக் காத்துக்கொள்ள அவன் முயன்றான். பயனில்லை. 1619இல் பிலிப் டி ஒலிவேராவின் படை வென்றது. சங்கிலி சிறைப்பட்டு, கோவாவிற் கொல்லப்பட்டான்.

இதன் பின்னர் நிகழ்ந்ததே நமது கவனத்துக்குரியது. சங்கிலியை எதிர்த்த அதே மிகப்பிள்ளை, 1620ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயருக்கெதிராக ஆயுதமேந்தினான். துணை வேண்டி அவன் நாடியதும் தஞ்சையையே. முன்னர் தன் கிளர்ச்சியை முறியடித்த அதே தஞ்சையை! பாக்குநீரிணையைக் கடந்து படை வந்தது. எனினும் ஒலிவேராவே வென்றான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. உலக வரலாற்றில் இப்போர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கிடைக்க வேண்டும் என்பதும் என் வாதமன்று.

காட்டிக்கொடுத்தவன் என்றதும் யாழ்ப்பாணத்தார் நாவில் வரும் பெயர் காக்கை வன்னியனது. 1736இல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை அவனைச் சங்கிலியைக் காட்டிக்கொடுத்தவனாகக் கூறும். நாட்டுக்கூத்து அவனைப் பிற்காலத்துப் பண்டாரவன்னியன் கதையிலும் கொண்டுபோய் நிறுத்திற்று. ஒரு நூற்றாண்டுத் துரோகி இன்னொரு நூற்றாண்டிலும் அதே வேலையைச் செய்கிறான்! சங்கிலி எனும் பெயருடைய இருவரை ஒருவராக்கிக் குழப்பிய அந்நூல் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின் பேரில் எழுதப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. தோல்விக்கு ஒருவனைக் காரணமாக்கி விட்டால், ஏனையோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் குறைந்துவிடும். கூத்தின் அரங்கில் மிகப்பிள்ளைக்கு இடமில்லை. அவன் எந்த வேடத்துக்கும் பொருந்தான்.

துரோகம் என்பது ஒருவன் கடப்பாடு கொண்ட ஒன்றைக் கைவிடுதல் எனின், மிகப்பிள்ளையின் கடப்பாடு எதனிடத்து? கொலையால் அரசேறியவனிடத்தா? அவனை எதிர்த்தமை குற்றமாயின், அரசகேசரியின் கொலையைப் பொறுத்துக்கொண்டிருத்தல் நற்செயலாகிவிடும். தன் சமயத்திடத்தா? அவ்வாறாயின் இரண்டாவது போர் விளங்காது. போர்த்துக்கேயரும் கிறித்தவரே; அவன் அமைதியாக இருந்திருப்பின் ஊதியமும் பதவியும் நிலைத்திருக்கும். இங்கேதான் நான் அவன் பக்கம் சாய்கின்றேன். பக்கம் மாறுபவர் பெரும்பாலும் வெல்பவர் பக்கமே மாறுவர். இவனோ வென்றவரை விட்டுத் தோற்றவர் பக்கம் வந்தான்.

பதவி போதாமையாற் சினந்து மாறியிருக்கலாமே என்பர் சிலர். இருக்கலாம். உள்ளம் கலப்பற்றதாக இருந்தாலன்றி ஒரு செயலை நியாயமென ஏற்கமாட்டோம் என்போமாயின், எவருடைய செயல்தான் தேறும்? எனினும் அவனை வீரனாக்கவும் நான் விரும்பவில்லை. 1618இற் பரங்கியரின் நட்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று எண்ணிப் பார்க்கும் கடமை அவனுக்கிருந்தது. அக்கடமையில் அவன் தவறினான். அத்தவறு துரோகமன்று, ஆனால் அதன் விலையைப் பிறரும் கொடுத்தனர். பிழையை உணர்ந்தவன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். தன் பின்னே வருவோரின் உயிரை, வெற்றிக்கு வாய்ப்பரிதான ஒரு போரிற் பணயம் வைக்கும் உரிமையும் அவனுக்கு உண்டா? இதற்கு உண்டு என்றோ இல்லை என்றோ என்னால் எளிதிற் சொல்ல இயலவில்லை.

இது பழங்கதை பற்றிய வீண் ஆராய்ச்சி எனக் கருதுவோர், 1980களில் இதே யாழ்ப்பாணத்தின் மின்கம்பங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். துரோகி என்று எழுதப்பட்ட அட்டையோடு அங்கே கிடந்த உடல்களுக்கு முன் விசாரணை எதுவும் நடக்கவில்லை. நேற்று மாற்றானோடு நின்றவன் இன்று வேறு எண்ணங்கொண்டிருக்கக் கூடும் என்று கேட்க ஒருவருமில்லை. 1618இல் மிகப்பிள்ளையின் கழுத்திலும் அத்தகைய அட்டை தொங்கியிருப்பின், 1620இற் போர்த்துக்கேயரை எதிர்க்க அவன் இருந்திரான்.

அப்போர்களைப் பற்றி விரிவாக எழுதிய குவேறோஸ் பாதிரியார் கோவாவிலிருந்தே எழுதினார். இலங்கையை அவர் கண்டதில்லை. தலைவர்களின் பெயர்களை அவர் எழுதி வைத்தார். மிகப்பிள்ளையின் பின்னே நின்ற சாதாரண போர்வீரருடைய பெயர்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர்களுள் 1618இலும் 1620இலும் அவனோடு நின்றவர்கள், இரண்டாம் முறை அவன் அழைத்தபொழுது எதனை நம்பி எழுந்து போயினர்?