செவியும் ஓர் அமானிதம்

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஃது.



கண்பார்வையற்ற ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துவர ஆளில்லை, வீட்டிலேயே தொழ அனுமதி வேண்டும் என்றார். நபியவர்கள் அனுமதி தந்தார்கள். அவர் திரும்பியதும் மீண்டும் அழைத்து, பாங்கு சத்தம் கேட்கிறதா என்று வினவினார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் வந்துவிடுங்கள் என்றார்கள். (முஸ்லிம்)

கண் இல்லாதவரைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது காது! செவி, பார்வை, உள்ளம் மூன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்கிறது குர்ஆன் (17:36). அதிலும் செவியையே முதலில் சொல்கிறான் அல்லாஹ்.

சகோதரர்களே! அமிர்தி முதல் ஆம்பூர் வரை, நம் வீடுகளிலிருந்து எத்தனை பேர் டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறார்கள்! டிரம் சுழலும் ஷெட்டில், ஷேவிங் மெஷின் பக்கத்தில், பிரஸ் அடிக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைக் கெடுக்கிறது என்று பொருள். உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. முதலில் மறைவது கீச்சுக் குரல்கள்: காட்டுப் பறவை, குழந்தையின் மழலை. வலி இல்லை, ரத்தம் இல்லை. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பாலாற்றில் நேர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதை, 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்று நபியவர்கள் அன்றே விதித்தது (இப்னு மாஜா) இதற்கும் அடிப்படை அல்லவா? நிலத்துக்கு அந்தச் சட்டம் என்றால், தொழிலாளியின் காதுக்கு இல்லையா? ஒருவரின் கேட்கும் திறனை முழுமையாகப் போக்கிவிட்டால், ஓர் உயிருக்குரிய முழு தியத் கடமை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. காதின் மதிப்பு அவ்வளவு!

தொழில் நடத்தும் செல்வந்தர்களே! எட்டு மணி வேலைக்கு 90 டெசிபல்தான் நம் நாட்டு விதிகள் வைத்த எல்லை. 95 என்றால் நான்கு மணி, 100 என்றால் இரண்டே மணி. இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழிற்சாலைகள் சட்டமே தொழில்நோய்ப் பட்டியலில் வைத்தது. வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது கடமை. அந்த வேலையில் அவன் காது போகாமல் பார்ப்பதும் கடமை. முதலில் மெஷினின் சத்தத்தைக் குறையுங்கள்: தேய்ந்த பேரிங்கை மாற்றுங்கள், கம்ப்ரசரைத் தனி அறைக்கு நகர்த்துங்கள். ஆண்டுக்கொரு முறை கம்ப்யூட்டர் மூலம் செவிச் சோதனை வையுங்கள். ஹெட்போனில் ஒலி கேட்டதும் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் வரைபடம் தரும். சென்ற ஆண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டால், தொழிலாளி உணருமுன்பே குறை தெரிந்துவிடும். காதடைப்பான் சரியாகப் பொருந்துகிறதா என்று சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன.

உழைக்கும் சகோதர சகோதரிகளே! காதடைப்பானைப் பாக்கெட்டில் வைத்திருந்தால் பயனில்லை. ஃபோம் அடைப்பானை மெல்லிதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை பிடித்திருங்கள். இடையிடையே கழற்றினால் பலன் பெரிதும் குறையும். கதிரடிக்கும் மெஷினும் டிராக்டரும் ஓட்டும் விவசாயிகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் வாப்பா டிவியைச் சத்தமாக வைத்தால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால் கோபப்படாதீர்கள். நமக்குச் சோறு போட்ட உழைப்பில் அவர் இழந்தது அது. பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த செவியைப் பேணவும், எங்களிடம் உழைப்போரின் செவியைக் காக்கவும், ஆயுள் முழுதும் பாங்கொலி கேட்டு உன் வீட்டுக்கு வரவும் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.