சமயம் இல்லை

ஆங்கிலத்தின் மிக எளிய சொற்களுள் ஒன்று ‘டைம்’. நம் வீட்டுக் குழந்தைகளும் அதனை நாள்தோறும் கூறுகின்றனர். ஆயினும், மொழிபெயர்ப்பாளனுக்கு அதைப்போல் இடர் தரும் சொற்கள் சிலவே. கடிகாரத்தைக் குறித்து வந்தால் அது ‘மணி’. உணவுக்கும் மருந்துக்கும் ‘வேளை’. கதிரவனோடு வந்து மறைவது ‘பொழுது’. திரும்பத் திரும்ப நிகழ்வதற்கு ‘முறை’. எல்லாவற்றையும் தன்னுள் அடக்கி நிற்பது ‘காலம்’. ஓர் ஆங்கிலப் பக்கத்தில் ஐந்து முறை வரும் அந்த ஒரே சொல்லுக்கு ஐந்து தமிழ்ச் சொற்கள் தேவைப்படலாம்.

இது தமிழின் குறையன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஒன்றாக வைத்தது. திருக்குறளின் 49-ஆம் அதிகாரம் ‘காலமறிதல்’. அதனை அடுத்து வருவது ‘இடனறிதல்’. இடத்தோடும் செயலோடும் இணைத்தே நம் முன்னோர் காலத்தை எண்ணினர்.

சில ஆண்டுகளுக்கு முன், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட கொல்லயில் பகுதியில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கி, ஆங்கிலச் சொற்பொழிவு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருந்தேன். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே தவிர, பேச்சைப் பிரிக்கவில்லை. அங்கே ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளும் கைகோத்து வருவதைக் கேட்கலாம்.

ஒருநாள் முற்பகலில், ரப்பர் பால் வெட்டும் வேலையை முடித்துவிட்டு முதியவர் ஒருவர் என்னைக் காண வந்தார். நான் எழுத்திலிருந்து தலை நிமிராமலே, “பெரியவரே, இப்போது நேரமில்லை, நாளை பார்க்கலாம்” என்றேன். அவர் சற்று நின்றார். “சாமிக்கும் சமயமில்ல, இல்லியா?” என்று மெல்லக் கூறிவிட்டுப் போனார்.

மலையாளத்தில் ‘சமயம்’ என்பது நேரத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். அந்தப் பொருளில்தான் அவர் கூறினார். ஆனால், தமிழில் அச்சொல்லுக்கு நெறி, மதம் என்ற பொருளும் உண்டல்லவா? துறவாடை அணிந்த என் செவியில் அந்த வார்த்தை வேறு விதமாக ஒலித்தது. பேனா ஓடவில்லை.

‘சமயம்’ என்ற வடசொல், ஒன்றுகூடி வருதல் என்னும் கருத்தில் பிறந்தது. கூடி வருவதற்குக் குறித்த வேளையும் சமயம். கூடி ஏற்றுக்கொண்ட கொள்கையும் சமயம். மலையாளம் முன்னதை அன்றாட வழக்கில் வைத்துக்கொண்டது. தமிழ் பின்னதைப் போற்றியது. எனினும் ‘தக்க சமயத்தில் உதவினார்’ என்னும்போது முன்னதையும் அது மறக்கவில்லை. எதிரே வந்து நிற்கும் மனிதனோடு கூடுவதற்கு மனமில்லாதபோது, இரு பொருளிலும் நம்மிடம் சமயம் இல்லை.

மறுநாள் நானே அவர் இல்லம் தேடிச் சென்றேன். அவர் சாஸ்திர விளக்கம் எதையும் கேட்கவில்லை. நோயுற்றிருந்த மனைவி, அருகில் சற்று உட்காருமாறு அழைத்தபோதெல்லாம், வேலை அவசரத்தில் ‘சமயமில்ல’ என்று சொல்லிச் சென்றிருக்கிறார். இப்போது அந்த அம்மையார் இல்லை. “அந்த சமயம் இனி எங்க சாமி கிடைக்கும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் பேசினார்; நான் கேட்டேன். விடைபெறும்போது அவர் முகம் சற்றுத் தெளிந்திருந்தது.

வைசேஷிக தரிசனம் காலத்தை ஒன்பது திரவியங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. அது ஒன்றே, எங்கும் நிறைந்தது. நாழிகை, நாள், ஆண்டு என்பவை கதிரவனின் இயக்கம் போன்ற உபாதிகளால் நாம் செய்துகொண்ட பிரிவுகள் என்பது அதன் கொள்கை. அங்ஙனமாயின், ‘என் நேரம்’ என்று எதனைச் சொல்வது? பணத்தைப்போல் பையில் வைத்து, வேண்டியவருக்கு எடுத்துக் கொடுக்கும் பொருளா அது?

‘எல்லோருக்கும் எல்லா வேளையிலும் இசைந்துவிட்டால் கடமைகள் என்னாவது?’ என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது மற்றொருவர் காத்திருக்கத்தான் வேண்டும். ஒன்றை மேற்கொள்ளும்போது மற்றொன்றை ஒதுக்குவது தவிர்க்க முடியாதது. ஆனால், ஒதுக்கியவர் நாமே என்பதை மறைத்து, ‘நேரமில்லை’ என்று பழியைக் காலத்தின்மீது சுமத்துகிறோமே, அங்குதான் சத்தியம் வழுவுகிறது. ‘இந்த வேலையை இப்போது முதன்மையாகக் கொண்டிருக்கிறேன், மாலையில் வருகிறேன்’ என்று சொல்லிப் பார்ப்போம். சொல்லும்போதே, நாம் முதன்மை தந்தது அதற்குத் தகுதியுடையதா என்ற கேள்வி உள்ளத்தில் எழும். சில வேளைகளில் கையிலுள்ள வேலையைக் கீழே வைத்துவிடுவோம்.

அந்தச் சொற்பொழிவின் தமிழாக்கம் இரண்டு நாள் தாமதமாக முடிந்தது. அதில் ‘நேரமில்லை’ என்று எழுதவேண்டிய ஓர் இடம் வந்தது. மூலத்துக்கு உண்மையாக அப்படியே எழுதினேன். என் பேச்சில் அச்சொல் வரும்போது மட்டும், இன்றும் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் எனக்கு அந்த முதியவர் அளித்த உபதேசம்.