சிவப்பு விட்டுப்போன படங்கள்

ஒரே தீப்பெட்டிப் படம், நான்கு பிரதிகள். ஒரு கிளி. முதலாவதில் மூக்கு நல்ல சிவப்பு. இரண்டாவதில் செங்கல் நிறம். மூன்றாவதில் சிவப்பு மூக்கை விட்டு விலகிக் கழுத்தில் போய் விழுந்திருக்கிறது. நான்காவதில் கிளியே நீலம்.

இவை உக்கடம் பழைய புத்தகக் கடையில், ஒரு கணக்கு நோட்டுக்குள் ஒட்டிக் கிடைத்தவை. யாரோ ஒரு பையன் சேர்த்திருக்க வேண்டும். நாங்களும் சேர்த்தோம், படம் வைத்து ஆடிப் படம் ஜெயித்தோம். அப்போது நிறத்தைப் பார்த்ததாக நினைவில்லை. கையில் இல்லாத படமா, அது மட்டும்தான் கேள்வி.

*

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்தார்கள். பெட்டிக்குப் படம் வேண்டும், அதனால் அச்சகமும் பின்னாலேயே வந்தது. பழைய லித்தோ எந்திரம் ஒரு ஓட்டத்தில் ஒரு நிறம்தான் போடும். மஞ்சள் காய்ந்த பிறகு சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் கறுப்பு. காலையில் மை தாராளமாக இருக்கும், மதியத்துக்குள் மெலியும், யாராவது பார்த்து மறுபடி ஊற்றுவார்கள். காற்றில் ஈரம் ஏறினால் தாளும் சற்று விரியும். அடுத்த நிறம் கோட்டை விட்டு வெளியே போகும். அவ்வளவு மலிவான ஒரு பெட்டிக்காக அந்தத் தாளை யார் கழித்துப் போடுவார்கள்?

*

நீலக் கிளி வேறு கதை. மஞ்சளும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துதான் இதற்குப் பச்சை. மலிவான மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு முதலில் போகும். நீலமும் கறுப்பும் நிற்கும். அவிநாசி ரோட்டு டீக்கடைகளில் மேற்கு வெயில் படும் காலண்டர் முருகனைப் பார்த்தால் தெரியும். பட்டு வேட்டி, வேல், மயில் எல்லாம் ஒரே நீலம். காலண்டரைக் கழற்றினால் தகரப் பட்டைக்கு அடியில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழைய ரோஜா நிறம் அப்படியே இருக்கும்.

அச்சு செய்ததா, வெயில் செய்ததா? சேகரிப்பவருக்கு இது ஒன்றுதான் முக்கியம். முன்னது அரிய வகை, பின்னது சேதம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

*

அமெரிக்காவில் 1962-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் 110 முதல் 196 வரையிலான எண்களுக்கு இரண்டு சாயல் உண்டு. ஒன்று இயல்பானது. மற்றதில் வானம், சட்டை, முகம் எல்லாவற்றிலும் லேசாகப் பச்சை ஏறியிருக்கும். வெயில் என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் சில அட்டைகளில் படமே வேறு. கார்ல் வில்லி என்ற ஆட்டக்காரர் ஒன்றில் தொப்பியோடு இருக்கிறார், மற்றதில் தொப்பி இல்லை. எந்த வெயிலும் தொப்பியைக் கழற்றாது. ஆகவே அது இன்னொரு அச்சு. இவ்வளவு தெளிவான சாட்சி நம் கிளிகளுக்குக் கிடைக்காது.

*

திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் உறவினரிடம் நான்கையும் காட்டினேன். "ஜன்னலோரம் வெச்சுப் பாத்தா ஒண்ணும் புரியாதுங்க மாமா, லைட் பாக்ஸ்ல வைக்கோணும்" என்றார். அந்தப் பெட்டிக்குள் பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு. ஒன்றில் பொருந்தும் இரண்டு துணிகள் மற்றதில் பிரிந்து நிற்கும். சாயம் வேறாக இருந்தால் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். லாட்டுக்கு லாட்டு ஷேடு மாறினால் அவர்களுக்குச் சரக்கே திரும்பி வரும். முதல் மூன்று கிளிகளையும் அவர் ஒரே பார்வையில் "ரிஜெக்ட்" என்றார். எனக்கு அந்த மூன்றும்தான் வேண்டியவை. நீலக் கிளியை மட்டும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அந்த நீலம் அவருக்குப் பிடித்திருந்தது.

*

லென்ஸ் வைத்துப் பார்க்கும் முறை இது. சிவப்பு மை விழுந்து பிறகு வெளுத்திருந்தால், மங்கலான சாயல் எங்காவது மிஞ்சியிருக்கும். முக்கியமாக, மடிப்புக்குள்ளும் பசைக்கு அடியிலும். அச்சே விழாதிருந்தால் அங்கே வெறும் தாள்தான். வெள்ளை ஓரத்தையும் பார்க்க வேண்டும். வெயில் பட்ட தாள் ஓரத்திலும் பழுப்பேறியிருக்கும், அச்சுக் குறையில் ஓரம் சுத்தமாக இருக்கும்.

மூன்றாவது ஒரு காரணமும் உண்டு, அதைத்தான் பலரும் மறக்கிறார்கள்: தண்ணீர். பெட்டியிலிருந்து படத்தைப் பிரிக்க ஊறவைக்கும்போது சில சிவப்புகள் கரைந்து கிண்ணத்திலேயே தங்கிவிடும். வெந்நீர் என்றால் இன்னும் வேகமாக. அதனால் ஊறவைத்துப் பிரித்தவற்றைத் தனி உறையில் போடுகிறேன். அந்த உறையின்மேல் ஊர், பெட்டியின் பெயர், விலை மட்டும் எழுதுகிறேன். நிறத்துக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதுவதில்லை.