விடுவதும் கைவிடுவதும்

விடுதல், மறுத்தல், கைவிடுதல் மூன்றும் ஒன்றுபோல் தோன்றும், ஒன்றல்ல.

துவையல் பந்தி மக்கள் அசைவ உணவை நீக்கினார்கள். அது விடுதல், பழகிய ஆசையைத் தானே விலக்குவது. சொந்தச் சாதியாரை மட்டும் சேர்ப்பதாக எழுதிக் கொடுத்தால் சிறையிலிருந்து விடுதலை என்று மன்னன் கேட்க, அய்யா உடன்படவில்லை என்று அகிலத்திரட்டில் வருகிறது. அது மறுத்தல், அநியாயத்துக்கு இணங்காதது.

கைவிடுதல் என்பது ஆளையே தள்ளுவது. அய்யா யாரையும் தள்ளவில்லை.

மீனை விட்ட நாம், குடிக்கிற தம்பியைக் கைவிட்டு, அதையும் தர்மக் கணக்கில் எழுதலாமா? குடிக்கக் காசு கேட்டால் மறுப்போம். பசித்து வந்தால் சோறு போடுவோம். பணிவிடைக்கு அவனும் தலைப்பாகை கட்டி வரட்டும். பதியின் கண்ணாடியில் அவன் முகத்துக்கும் இடமுண்டு.

அய்யா உண்டு!