அரைப் பேரும் அரை ஓய்வும்

மலையகத் தோட்டங்களில் அரைப் பேர் என்றால் குறை. அன்றைக்கு வைத்த கொழுந்து நிறையை எட்டாதவருக்கு விழுவது அது, கூலியும் பாதியாகிவிடும். பதுளை மாவட்டத்துத் தெமோதரை போன்ற ஊரில் சபைப் பொறுப்பைப் பாதி இறக்கிவைத்துவிட்டு, எப்போதாவது ஓர் ஆராதனை நடத்தி, மிச்ச நாளைப் பேரப்பிள்ளைகளோடும் வீட்டுத் தோட்டத்தோடும் கழிக்கும் போதகரையும் இதே கணக்கில் எடைபோடத் தோன்றும். அந்தக் கணக்கு பிழை. அவருடைய ஓய்வும் ஊழியத்தில் சேர்த்திதான்; ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு.

வேதத்தில், எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தில் லேவியருக்கு வயது வரம்பு இருக்கிறது. 25 வயதில் கூடாரப் பணிக்கு வரவேண்டும், 50இல் விடவேண்டும். விட்டபின் சகோதரருக்குத் துணை நின்று காவல் பார்க்கலாம், பணிவிடையைத் தொடக்கூடாது. சுமையை இறக்கு, வாசலை விட்டுப் போகாதே என்பதே இதன் சாரம். குடும்பத்தோடு இருப்பது பக்திக்கு இழுக்கு என்பாரும் உண்டு. வானப்பிரஸ்தம் வீட்டைத் துறந்து காட்டுக்குப் போகச் சொல்கிறது, உண்மைதான். தொல்காப்பியத்தின் கற்பியலோ முதிய கணவனையும் மனைவியையும் மக்களும் சுற்றமும் சூழ இருத்தியே உயர்ந்ததைப் பயிலச் சொல்கிறது; கடந்த வாழ்வின் பயன் அது என்கிறது. மோசே 120 வயதுவரை ஓயவில்லையே என்று கேட்கலாம். அவரும் யோசுவாவின் மேல் கைவைத்துப் பொறுப்பைப் பகிர்ந்தவர்தான். நாற்காலியை விடாத முதியவரால் வளராமல் போன இளம் போதகர்களைச் சபைகள் அறியும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் அந்த ஓய்வில் ரசிக்கும் இயற்கையைப் பற்றியது. தெமோதரையில் தண்டவாளம் வளைந்து சுற்றி, தான் தாண்டிவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. அதைப் பார்க்க வரும் பயணிகள் சுற்றியுள்ள பச்சையை இயற்கை என்கிறார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி இயற்கை அன்று. காட்டை வெட்டிக் கோப்பி வைத்து, கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வைத்தது தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் உழைப்பு. இயற்கையும் எப்போதும் கருணை காட்டுவதில்லை. இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. குடும்பத்தோடு இருப்பதும் இங்கே எல்லாருக்கும் வாய்த்ததில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்துப்போட்டது. அப்படியிருக்க, திண்ணையில் அமர்ந்து மலையை ரசிப்பது அடுத்தவர் வியர்வையை ரசிப்பதாகாதா? இதே ஊவா மாகாணத்தில், குருமடத்துப் பணியை விட்டுப் புத்தளைப் பக்கத்துச் சிற்றூரில் பௌத்த விவசாயிகளோடு வாழப்போன மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1987 நவம்பர் 10 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வாழ்க்கைக்கு முன் இந்தத் திண்ணை எங்கே நிற்கும்?

ஆட்சேபம் நியாயமானது, ஆனால் அது ஓய்வைக் குற்றவாளியாக்கவில்லை, தனியே அனுபவிக்கும் ஓய்வைத்தான் குற்றவாளியாக்குகிறது. ரொட்ரிகோ அடிகளார் முதலில் செய்ததும் அயலவராகப் போய்க் குடியிருந்ததுதான். கூட்டமும் நிர்வாகமுமாக ஓடும் முழுநேரப் போதகருக்கு அதற்குக் கிடைக்காத நேரம் பாதி ஓய்வுபெற்றவரிடம் தாராளமாக இருக்கிறது. ஓய்வுநாள் கட்டளைக்கு வேதத்தில் இரண்டு காரணங்கள் உள்ளன. யாத்திராகமம் படைப்பைச் சொல்கிறது. உபாகமம் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறவேண்டும் என்கிறது. மலையை ரசிக்கும் போதகர் முதல் காரணத்தைக் கைக்கொள்கிறார். இரண்டாவதை விட்டுவிட்டால் அவர் கைக்கொண்டது அரைக் கட்டளை. அரைப் பேர் என்ற சொல் அங்கேதான் பொருந்தும். எந்தக் கிழமை என்பது பெரிதல்ல. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு போய்ப் பௌத்தரின் போயா நாள் வார விடுமுறையாக இருந்தது. திருச்சபை அதையும் தாங்கிக்கொண்டது. ஓய்வுநாளில் யாரால் ஓய்ந்திருக்க முடிகிறது என்பதே கேள்வி. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலையேறும் பெண்ணுக்கு ஓய்வுநாள் பிரசங்கம் என்ன சொல்லும்?

ஊவாவின் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதிய போதகரை நிம்மதியாக மலையைப் பார்க்க விடுங்கள். கூடவே, அந்தப் பெண்ணின் நாட்கூலி எவ்வளவு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருக்கலாம் என்பதை அவரிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். அவருக்கு இப்போது நேரம் இருக்கிறது.