உடையவனா, காவல்காரனா?



போர்ட் டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் தஞ்சோங் துவான் முனையை நம் தோட்டத்து மக்கள் பலர் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு கடலாடப் போகிறவர்கள் பெரும்பாலும் மணலோடு திரும்பி விடுகிறார்கள். மணல் முடிகிற இடத்தில்தான் காடு தொடங்குகிறது. அலை வந்து மோதும் பாறைக்கு மேலே மரங்கள் நெருங்கி நிற்கின்றன. கிளைகளில் குரங்குகள் திரிகின்றன. சுற்றிலும் நெகிரி செம்பிலான் நிலமாயிருக்க, இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. வெட்டக் கூடாத காப்புக்காடாக இதை வைத்திருக்கிறார்கள்.

“இவ்வளவு நல்ல கடற்கரை நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்களே, யாருக்கு லாபம்?” என்று ஒரு நண்பர் கேட்டார். வியாபாரியாகிய எனக்கு அந்தக் கேள்வி புதியதன்று. ஆறு மாதம் விற்காத சரக்கை நானும் அலமாரியில் வைத்திருக்க மாட்டேன். ஆகவே அதற்கு ஒழுங்காகக் கணக்குப் பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

முதலில் வரவைப் பார்ப்போம். சுமத்ரா, ஜாவா முதலிய தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சீனம், ஜப்பான், சைபீரியா நோக்கித் திரும்புகின்றன. இவை நாள் முழுவதும் சிறகடித்துப் பறப்பவை அல்ல. வெயிலில் சூடேறி நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சறுக்கிச் செல்பவை. கடல் மேல் அத்தகைய காற்று சரிவர எழுவதில்லை. அதனால் மலாக்கா நீரிணை குறுகலாயிருக்கும் இடம் தேடி, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து, களைத்துத் தாழ்வாக இந்த முனைக்கு வந்து சேருகின்றன. இங்குள்ள காட்டின் மேல் எழும் காற்றைப் பிடித்து மறுபடி உயர்ந்து வடக்கே போகின்றன. மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000-ஆம் ஆண்டிலிருந்து இங்கே கூடி அவற்றை எண்ணி வந்திருக்கிறார்கள்.

இந்தக் காட்டால் அந்தப் பறவைக்குக் கிடைப்பது சில நாழிகை உதவிதான். சில நாழிகை உதவிக்காக வருஷம் முழுவதும் ஒரு நிலத்தைக் காப்பதா என்று கேட்கலாம். அதே முனையின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே விளக்கு வைத்தார்கள். இன்றுள்ள கட்டிடம் 1863-இல் எழுந்தது. அந்த ஒளியைக் கண்டு வழி திருத்திக் கொண்ட கப்பல்கள் அங்கே நின்று காசு கொடுத்துப் போகவில்லை. அதற்காக விளக்கை அணைத்துவிடச் சொல்பவர் உண்டா? வழிப்போக்கனுக்குச் செய்யும் உதவியின் மதிப்பு அவன் தங்குகிற நேரத்தைப் பொறுத்ததன்று. அது கிடைக்காவிட்டால் அவன் என்ன ஆவான் என்பதைப் பொறுத்தது.

இனி உரிமையைப் பார்ப்போம். என் கடைத் தராசு என் காசில் வாங்கியது. ஆயினும் அதன் முள்ளை என் இஷ்டப்படி சாய்க்க எனக்கு உரிமையில்லை. வாங்க வருகிறவனின் பங்கும் அதில் இருக்கிறது. நாம் வாழும் இம்மாநிலத்து மலாய் மக்கள் நிலத்தையும் அவ்வாறே கண்டார்கள். ரெம்பாவ், கோல பிலா வட்டாரங்களில் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி பரம்பரை நிலம் தாய் வழியில் பெண்மக்களுக்குச் சேரும். அதைக் குலத்துக்கு வெளியே விற்க முடியாது. 1909-இல் அது சட்டமாகவும் எழுதப்பட்டது. பட்டாவில் பெயர் இருப்பவள் அங்கே காவல்காரி. நிலம் அவளிடம் இருக்கும் அமானிதம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. “தோட்டம் விற்கப்பட்டு வீடிழந்து நிற்கும் நம்மவருக்கு ஒரு துண்டு நிலமில்லை, பறவைக்குக் காடா?” என்பார்கள். அந்த வேதனை மெய்யானது. 1950-களில் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தலைமுறையாகப் பால்வெட்டியவர்கள் லயத்தை விட்டுப் போக நேர்ந்தது. அதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதற்கு மூலதனமாயிற்று.

ஆனால் அவர்களை வெளியேற்றியது எது? காப்புக்காடு அல்ல. “பட்டா யாருடையதோ அவன் வைத்ததே சட்டம், அங்கே வாழ்பவருக்கு வழக்கில்லை” என்ற கணக்கே வெளியேற்றியது. காட்டை விழுங்கப் பார்ப்பதும் அதே கணக்குத்தான். அதனால் அடிபட்ட நாமே அதை மற்றோர் உயிருக்கு எதிராக எடுத்து நீட்டினால், நமக்கு நேர்ந்ததும் நியாயமே என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆவோம். வீடிழந்தவனுக்கு வீடு கேட்போம், உரத்தே கேட்போம். அதைக் கொடுக்க வேண்டியவர்களிடம் கேட்போம். பருந்திடம் பறிக்க வேண்டாம்.

அப்படியானால் அந்தக் காட்டில் கால் வைக்கவே கூடாதா? அப்படியன்று. நாம் போன பின்னும் இடம் இருந்தபடியே இருக்குமானால் அது அனுபவித்தல். இல்லாவிட்டால் அது அழித்தல். நடக்கலாம், நிழலில் இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பறவையைக் காட்டலாம். குரங்குக்கு ரொட்டி வீசுவதை மட்டும் தர்மமென்று எண்ண வேண்டாம். மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிய குரங்கு பிறகு பையைப் பறிக்கும். பறித்ததும் அதைத் தொல்லையென்று ஒழிக்கச் சொல்வோரும் மனிதரே.

அடுத்த மார்ச் மாதம் போகிறவர்கள் மணலோடு நில்லாமல் வெயிலேறிய பொழுதில் விளக்கு வரை ஏறிப் பாருங்கள். “இது யாருக்கு லாபம்?” என்று பிள்ளை கேட்டால், “நம்மைக் கேட்டுக்கொண்டு வராத விருந்தாளிக்கு” என்று சொல்லுங்கள். நம் முன்னோரும் ஒரு நாள் கடல் கடந்து களைத்து இந்தக் கரையில் இறங்கியவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.