தோற்கும் எனத் தெரிந்த தூது

திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் இடையே உள்ள ஏர்பேடும் அதைச் சூழ்ந்த ஊர்களும் பழைய தொண்டை நாட்டின் வடபகுதியைச் சேர்ந்தவை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தச் சித்தூர்ச் சீமையில், திரௌபதி கோயில் பாரதக் கூத்திலும், திருப்பதி வேங்கட கவிகள் இயற்றிய தெலுங்கு நாடகத்திலும், பாண்டவர்களுக்காகத் துரியோதனனிடம் சமாதானம் பேசச் சென்ற கிருஷ்ணன் தூது மக்கள் விரும்பிக் காணும் கட்டமாக நிலைத்திருக்கிறது. ஆயினும் அக்கதைக்குள் கடினமான வினா ஒன்று உண்டு. துரியோதனன் இணங்கமாட்டான் என்பதை அறிந்தே இறைவன் அத்தினாபுரம் சென்றான் என்றால், அது மெய்யான முயற்சியா, போருக்கு முன் நடத்தி முடித்த சடங்கா?

வியாச பாரதத்தில், போருக்கான ஆயத்தங்களைக் கூறும் உத்தியோக பருவத்தில், விதுரரே இந்த ஐயத்தை எழுப்பி, தீயோர் அவையில் நல்லுரை பயன்படாது எனத் தடுக்கிறார். அறச்செயலில் முழு ஆற்றலோடு முயன்றவன் அதை முடிக்க இயலாமற் போனாலும் அதன் புண்ணியத்தைப் பெறுவான் என்றும், தடுக்க வல்லவனாயிருந்தும் தடுக்கவில்லை என்ற பழி தனக்கு வரலாகாது என்றும் கிருஷ்ணன் விடை கூறுகிறான். இரண்டாவது காரணம் மட்டுமே இருந்திருந்தால் அத்தூது பழி துடைக்கும் ஏற்பாடாகவே முடிந்திருக்கும். அதனைக் காப்பது, பாதி நாட்டுக்கு உரிய பாண்டவர்கள் ஐந்து ஊர்களோடு அமைய முன்வந்தார்கள் என்ற செய்தியே. மறுக்கப்படுவதற்காகவே கேட்பவர் தம் கோரிக்கையை இவ்வளவு தாழ்த்திக்கொள்ளமாட்டார். மேலும், ஒருவன் செய்யப்போவதை இறைவன் முன்னறிவது அவனுடைய உரிமையைப் பறிப்பதாகாது. ஏற்கத்தக்க வேண்டுகோள் முன்வைக்கப்பட்ட பிறகே துரியோதனனின் மறுப்பு முழுமையாக அவனுடைய வினையாகிறது.

108 திவ்விய தேசங்களில் ஒன்றான காஞ்சிபுரத்துத் திருப்பாடகத்தில், ஏறத்தாழ 25 அடி உயரத்தில் அமர்ந்த கோலத்தில் பெருமாள் பாண்டவதூதர் என்ற திருநாமத்தோடு வழிபடப்படுகிறார். இருக்கையின் அடியில் நிலவறை அமைத்துத் தூதரைச் சிறைப்படுத்த எண்ணிய சூழ்ச்சி கெட்டதைத் தலபுராணம் சொல்கிறது. சமாதானத்தைப் பெற்றுத்தராத தூதின் பெயராலேயே இறைவனை அழைக்க வைணவ மரபு தயங்கவில்லை என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தூதர் பிறர் சொல்லைச் சுமப்பவர் மட்டுமா என்பது இதனோடு ஒட்டிய வினா. திருக்குறளின் 69ஆம் அதிகாரமாகிய ‘தூது’க்கு உரை வகுத்த பரிமேலழகர், தாமே வகுத்துச் சொல்பவர், சொல்லியனுப்பியதைச் சொல்பவர் எனத் தூதரை இருவகைப்படுத்துகிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் முதல் வகையினர். மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் வைத்த தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்துவிட்டு, தம் தலைவனின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் கூறியதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு காட்டுகிறது. பொய்யும் வசையும் இல்லாத அந்தப் பேச்சு அவருடைய அறிவில் விளைந்தது. ஆகவே அதற்குரிய பொறுப்பும் அவருடையதே.

பொறுப்பு இரண்டாகப் பிளக்கும் நிலையும் உண்டு. விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் சந்திரகிரி அரசவைக்கு 1598இல் வந்த இயேசு சபைக் குருமார் சமயம் பரப்ப வந்தவர்களாயினும், மன்னருக்கும் கோவாவின் போர்ச்சுக்கீசிய ஆட்சிக்கும் இடையே தொடர்பாளராகவும் இருந்தனர். 1610இல் மன்னர் பழவேற்காட்டில் போர்ச்சுக்கீசியரின் போட்டியாளரான டச்சுக்காரருக்கு இடமளித்தபோது, இறைப்பணியும் அரசுப்பணியும் ஒரே நாவில் தங்குவது எளிதன்று என்பது வெளிப்பட்டது.

தூதரைத் தீண்டலாகாது என்ற பழைய அறத்தை 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு சட்டமாக்கியிருக்கிறது. ஆனால் அச்சட்டம் தூதரின் உடலைக் காக்கிறதே தவிர, தூது தொடர வேண்டும் என்று எந்த அரசையும் கட்டாயப்படுத்துவதில்லை. பேசிப் பயனில்லை என்று கூறித் தூதரைத் திரும்ப அழைக்கும் அரசுகள் விதுரரின் ஐயத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கிருஷ்ணன் தந்த விடையை விட்டுவிடுகின்றன.